பழைய பதிப்பின் மண்

வெளிநாட்டுப் படைநூல் பிரிவில் ஐந்தாம் அலமாரிக்கு மேல் மட்டும் வருடம் முழுவதும் பனி பெய்தது. அந்த அலமாரியில் குளிர்நாட்டு ராணுவம் ஒன்றின் பனிக்காலப் போர்க் கையேடு இருந்தது. அது வந்த வாரமே பனியும் வந்துவிட்டது. பாலைவனப் போர்க் கையேட்டை வைத்திருந்த மேசையின் இழுப்பறைகளில் மணல் சேர்ந்தது. ஆற்றைக் கடக்கும் முறைகளைச் சொல்லும் நூல் எந்தத் தட்டில் வைத்தாலும் தட்டை நனைத்ததால், அதை மட்டும் ஜன்னலோரம் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். எதிரி கண்ணில் படாமல் இருப்பதைப் பற்றிய கையேடு அதற்குரிய இடத்தில்தான் இருந்தது, ஆனால் வேண்டியவர்கள் தடவித்தான் எடுக்க வேண்டும். கட்டடப் பராமரிப்புத் துறைக்கு மூன்று முறை எழுதினார்கள். கூரை ஒழுகினால் தங்கள் பொறுப்பு, பனி ஒழுக்கில் சேராது என்று மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. அதன்பின் எல்லோரும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் கொண்டுவந்து நாற்காலியில் மாட்டிவைத்தார்கள்.

பிற நாட்டு ராணுவங்கள் தம் சிப்பாய்களுக்காக அச்சிடும் நூல்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பது அந்தப் பிரிவின் வேலை. எப்படி நடப்பது, எப்படிக் குழி தோண்டுவது, எப்படிச் சமைப்பது, எப்படிப் பின்வாங்குவது என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு கையேடு உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு. எந்த ராணுவமும் இவற்றைக் கடையில் வைத்து விற்பதில்லை. பத்தொன்பது வருடங்கள் இந்தத் தேடலைச் செய்தவரை நம்பர் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அந்த நூல்களின் பதினொரு மொழிகளில் ஒன்றுகூடத் தெரியாது, நம்பர்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு கையேட்டின் கடைசிப் பக்கத்திலும் தொடர்புடைய மற்றக் கையேடுகளின் பட்டியல் இருக்கும். அதிலுள்ள நம்பர்களை அட்டைகளில் எழுதுவார். கிடைக்காததற்குச் சிவப்பு அட்டை, கிடைத்ததற்கு நீலம். பிறகு வெளிநாட்டுப் பழைய புத்தகக் கடைகளுக்கும், ஓய்வுபெற்ற சிப்பாய்களுக்கும், மாற்றிக்கொள்ள இரட்டைப் பிரதி வைத்திருக்கும் நூலகங்களுக்கும் கடிதம் எழுதுவார். பத்துக் கடிதத்துக்கு ஒரு பதில் வந்தால் அது நல்ல மாதம்.

"ஊர்ல எல்லாரும் மாப்பிள்ளை தேடுறாங்க, நீங்க நம்பர் தேடுறீங்களேக்கா" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்பார். அவரை எல்லோரும் அகராதி என்றே அழைத்தார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்குத் திருத்திய பதிப்பு வராது. நம்பருக்கு வரும்" என்பார் நம்பர் அக்கா, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிவப்பு அட்டைகளில் ஒன்றை மட்டும் அவர் பெட்டியில் போடாமல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அவர் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம் எல்லையில் ஒரு போர் நடந்தது. நாற்பத்தோரு நாள் என்பார்கள், ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அவருடைய தம்பி அந்தப் போரில் தண்ணீர் லாரி ஓட்டினான். மலைப்பாதையை எதிரிப் படை ஒன்பது நாள் பிடித்து வைத்திருந்து விட்டுப் போனது. போனபின் மூன்றாம் வளைவில் எரிந்த லாரி கிடைத்தது, தம்பி கிடைக்கவில்லை. அடுத்த வருடம் எதிர்த்தரப்பிலிருந்து ஒற்றை வரிப் பதில் வந்தது: இறந்தவர்கள் எங்கள் கையேட்டின்படி அடக்கம் செய்யப்பட்டார்கள். எந்தக் கையேடு என்று சொல்லவில்லை. புதைத்தவர்களில் யாரும் உயிரோடு இல்லை. மலை முழுக்கக் கண்ணிவெடி இருந்ததால், தேடும் குழு ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு குழிதான் தோண்டும், இடத்தையும் குடும்பமே குறித்துக் கொடுக்க வேண்டும். பாதையிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளிப் புதைப்பது என்பது கையேட்டில் இருக்கும், அது கிடைத்தால் இடம் கிடைக்கும். அக்கா அந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

ஏழாம் வருடம், அதே ராணுவத்தின் சமையல் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் 'இறந்தோரை அடக்கம் செய்தல்' என்ற தலைப்பையும் அதன் நம்பரையும் அகராதி படித்துச் சொன்னார். அந்த நம்பருக்காகப் பன்னிரண்டு வருடம் கடிதங்கள் போயின. அக்காவின் தலை நரைத்தது, கண்ணாடி இரண்டு முறை மாறியது, பிரிவின் தலைவரான மேஜர் மூன்று முறை பதவி நீட்டிப்பு வாங்கினார். தினமும் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா "கிடைச்சுதா?" என்பார். "இன்னும் இல்லம்மா" என்று செருப்பைக் கழற்றியபடி அக்கா சொல்வார். தம்பியிடம் சாவி இல்லை என்பதால் அம்மா அத்தனை வருடமும் வாசல் கதவைப் பூட்டவிடவில்லை. வீட்டில் இரண்டு முறை திருட்டுப் போனது. அப்போதும் விடவில்லை.

பத்தொன்பதாம் வருடம் ஒரு புதன்கிழமை காலை, தொலைதூரத் துறைமுக நகரத்தின் பழைய பேப்பர்க் கடை ஒன்றிலிருந்து பார்சல் வந்தது. அகராதி பிரித்து, நின்றபடியே படிக்கத் தொடங்கினார். அறையில் எதுவும் மாறவில்லை, காற்றுக்கூட அசையவில்லை. நான்காம் பக்கத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது போர் முடிஞ்ச சில மாசத்துல வந்த பதிப்பு. செத்தவங்களை அங்கயே புதைக்கக் கூடாது, வண்டியில ஏத்திக் கொண்டுபோகணும்னு இதுல மாத்திட்டாங்க. அப்போ இருந்தது பழைய பதிப்பு. அதோட நம்பரே வேற."

"என்ன நம்பர்?"

அவர் சொன்னார். அக்கா எழுதிக்கொள்ளவில்லை. எழுந்து போய், கழித்துவிட்ட நூல்களைக் குறிக்கும் நீக்கப் பதிவேடுகளில் மிகப் பழையதை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். அந்த நம்பர் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அந்த ராணுவத்தின் புதிய வெளியீட்டுப் பட்டியலைக் கையில் கொடுத்து, அதில் இல்லாத நம்பர்களையெல்லாம் அலமாரியிலிருந்து எடுத்துக் காகிதக் கூழாலைக்கு அனுப்பச் சொன்னார்கள். அந்த மொழி தெரிந்தவர் அப்போது பிரிவில் யாரும் இல்லை. ஒரு வார வேலையை அக்கா மூன்று நாளில் முடித்திருந்தார், ஒரு நம்பர்கூட விடாமல். மேஜர் ஓரத்தில் 'மிக நன்று' என்று எழுதியிருந்தார்.

அந்தப் புதன்கிழமை அக்கா சாப்பிடவில்லை. அலுவலகமே பெரியம்மா என்று அழைத்த துப்புரவுப் பணியாளர் மாலையில் விளக்குமாறோடு வந்தபோது, பதிவேடு திறந்தபடியே இருந்தது.

"ஏம்மா, காலைத் தூக்கு. என்ன, உலகமே இடிஞ்ச மாதிரி?"

அக்கா சொன்னார். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. பெரியம்மா விளக்குமாற்றில் சாய்ந்து நின்று முழுவதும் கேட்டார்.

"அப்ப அந்த மூலைல வர்ற மண்ணு அதுதானா?"

"எந்த மண்ணு? அது பாலைவனப் புத்தகத்தோடது."

"அது மணலு. அள்ளினா கையில நிக்காது. இது மண்ணு, ஈரமா, வேரோட, அப்பத்தான் தோண்டின மாதிரி இருக்கும். நீ சேர்ந்த மாசத்துலேருந்து தினமும் ஒரு முறம் வருது. நான்தான் பின்சுவர் ஓரமாக் கொட்டுறேன். பூசணி காய்க்குதே, எதுலன்னு நினைச்ச? நீகூட ரெண்டு எடுத்துட்டுப் போனியே."

"ஏன் பெரியம்மா சொல்லவே இல்ல?"

"இங்க பனி பெய்யுது, அதையே யாரும் கேட்கல. மண்ணைப் போய் சொல்லுவாங்களா?"

அந்த வாரம் மூலையை யாரும் பெருக்கவில்லை. மூன்றாம் நாள் மண் ஓர் ஆள் நீளத்துக்கு வளர்ந்து நின்றது. நான்காம் நாள் காலை அதன் தலைமாட்டில் மூன்று கற்களும், கால்மாட்டில் கழுத்துவரை மண்ணில் செருகிய, தலைகீழான கண்ணாடிப் பாட்டிலும் இருந்தன. பாட்டிலுக்குள் ஒரு படிவம் சுருட்டியிருந்தது. பெயர், பணி, தேதி என்று மூன்று வரிகளுக்கு இடம் விட்டிருந்தார்கள், எதுவும் நிரப்பப்படவில்லை. அக்கா அளந்தார். கதவிலிருந்து முப்பது அடிவைப்பு, உள்ளே வருபவரின் வலப்பக்கம், தலை கதவுக்கு எதிர்த்திசை.

"கதவுதான் மலைப்பாதைன்னு எப்படிக்கா சொல்றீங்க?" என்றார் அகராதி.

"வேற எது வழியா வருவாங்க, ஜன்னல் வழியாவா?" என்றார் பெரியம்மா.

தேடும் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் மேஜர் கையெழுத்திட்டார். ஆதாரம் என்ற இடத்தில் 'பழைய பதிப்பு, பிரிவின் சொந்தப் பிரதி' என்று எழுதச் சொன்னார். அது பொய் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதம் கழித்து, மூன்றாம் வளைவில் லாரி கிடந்த இடத்திலிருந்து, மேலேறிப் போகிறவரின் வலப்பக்கமாக, முப்பது அடிவைப்பு தள்ளித் தோண்டினார்கள். பாட்டில் முதலில் வந்தது. அதற்குள்ளிருந்த காகிதத்தை அகராதியிடம் அனுப்பினார்கள். அவர் இருமுறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார்கள், ஓர் எழுத்து தப்பு. பணி என்ற இடத்தில் 'தண்ணீர்' என்று மட்டும் இருந்தது.

அன்று அக்கா வீட்டுக்குப் போனபோது அம்மா எதுவும் கேட்கவில்லை. மகள் செருப்பைக் கழற்றும் வரை பார்த்திருந்துவிட்டு, எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டார். பூட்டு துருப்பிடித்திருந்ததால் அதற்கு எண்ணெய் போட வேண்டியிருந்தது.

பிறகு மற்றக் குடும்பங்கள் வரத் தொடங்கின. சிலர் அடிகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்கள், சிலர் மூலையில் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் கிடைத்தது என்று சொல்ல முடியாது. கிடைத்தவர்கள் பதினான்கு பேர் என்பது பதிவேட்டில் உள்ள கணக்கு. அக்கா அந்த மண்மேட்டுக்குப் பழைய நம்பரையே போட்டு நீல அட்டை எழுதினார். நிலை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதி, பெட்டியில் அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த சிவப்பு அட்டையை எடுத்தார். மண் அதற்குமேல் வளரவில்லை. பின்சுவரோரம் பூசணி நின்றுபோனது. அதில் பெரியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. தினமும் மாலையில் ஐந்தாம் அலமாரியின் பனியை முதலில் தள்ளி, இழுப்பறை மணலைத் தட்டியபின் அவர் அந்த மூலைக்கு வருவார். அங்கே மேட்டைச் சுற்றி மட்டும் பெருக்குவார்.