மாமா தப்பு

என் மருமகளுக்கு உலகத்திலேயே பெரிய கோழை ஒருவன் தேவைப்பட்டான். வீட்டுக்குள்ளேயே கிடைத்தான். நான்தான்.

விஷயம் இதுதான். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்கு வருடமாகத் தற்காலிகக் கணக்கு டீச்சர். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. அதில் இரண்டு போய்விட்டன. இரண்டாவது தடவை குழு எழுதிக் கொடுத்த தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். முக்கால் மணி நேரம் கழுவினாள். தாளில் ஒரே வரி: ‘ஆசிரியைக்குக் கணக்கு நன்றாக வருகிறது, பிள்ளைகளுக்குப் பயம் போகவில்லை.’

கடைசி வாய்ப்புக்கு இருபது நாள் இருந்தது. கொடுத்த பாடம் இயற்கணிதம், முதல் அத்தியாயம். அதாவது, எண்கள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த வீட்டுக்குள் எக்ஸ் என்கிற ஆசாமி சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்காருகிற பாடம்.

“கணக்குன்னா பயப்படுற ஆள் ஒருத்தர் வேணும். அவங்களை வச்சுத்தான் பழகணும்” என்றாள்.

என் மகன் கேள்வி முடிவதற்குள் விடையைச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். என் மனைவி நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்தின் அளவை மனதுக்குள்ளேயே போட்டுப் பழகியவள். அவளும் சரிப்படவில்லை. மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள் என்று எழுத ஆசைதான். மகன் போய்விட்டதால் இரண்டு பேர்.

நான் முப்பத்தேழு வருடம் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டாவது மாடி உயரத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடித்தவன். அந்த டீக்குச் சர்க்கரையும் நானே கலக்கினேன். எந்தக் கையால் என்று கேட்கக் கூடாது. அப்படிப்பட்டவனுக்கு எக்ஸைக் கண்டால் காய்ச்சல் வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சையில் ‘எக்ஸைக் கண்டுபிடி’ என்றிருந்தது. ‘தெரியாது. தெரிந்தாலும் காட்டிக்கொடுக்க மாட்டேன்’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

முதல் நாள் மருமகள் எழுதினாள்: மூன்று எக்ஸ் கூட்டல் நான்கு, சமம் பத்தொன்பது. நான் தைரியமாக இடது பக்கத்து நான்கை அடித்துவிட்டு, ‘மூன்று எக்ஸ் சமம் பத்தொன்பது’ என்று எழுதினேன். நான் கையை எடுப்பதற்குள் அவள் பென்சிலைப் பிடுங்கிவிட்டாள்.

“இல்ல மாமா, இந்தப் பக்கமும் நாலைக் கழிக்கணும். பதினஞ்சு. மூணால வகுத்தா அஞ்சு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா.”

இந்தப் பொய்யை நான் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் சொல்லியிருக்கிறேன். நன்றாகப் பழகிய பொய். மறுநாளும் அதே தப்பு. அதற்கு மறுநாளும் அதே. அவள் குரலின் வேகம் கூடியது, என் காய்ச்சலும் கூடியது. நான்காம் நாள் காலைப் பேப்பரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

வெளியே என் மனைவியின் குரல். “ஏங்க, ஒரு மணி நேரமாச்சு. லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஆளாட்டம் உள்ளயே உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?”

“லிஃப்ட்னா நானே வெளிய வந்திருப்பேன். இது கணக்கு!” என்றேன்.

பிறகு கதவுக்குப் பக்கத்தில் மருமகள். “மாமா, நிஜமாவே லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நீங்க போனதும் முதல்ல என்ன செய்வீங்க?”

தொழிலைப் பற்றிக் கேட்டால் நான் தூக்கத்திலும் பேசுவேன். “முதல்ல ஒண்ணையும் தொட மாட்டேம்மா. கதவுகிட்ட நின்னு பேசுவேன். ‘நான் வந்துட்டேன், காத்து வருது, ஒண்ணும் ஆகாது. உள்ள எத்தனை பேரு?’ன்னு கேப்பேன்.”

“உடனே கதவைத் திறந்து இழுத்துட மாட்டீங்களா?”

“ஐயோ! பயந்தவன் குதிச்சுடுவான். பேசப் பேசத்தான் பயம் இறங்கும். அது இறங்கிட்டா, பாதி வேலையை உள்ள இருக்கிறவனே செஞ்சுடுவான்.”

என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்ததும் மருமகள் ‘உஷ்’ என்றதும் கேட்டது.

“மாமா” என்றாள் மெதுவாக. “நான் வந்துட்டேன். ஒண்ணும் ஆகாது. உள்ள எத்தனை பேரு?”

“ஒரே ஒரு கிழவன்” என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை எடுத்தேன்.

அன்றைக்கு அவள் பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். “எனக்கு லிஃப்ட் எப்படி ஓடுதுன்னு தெரியாது. வரைஞ்சு காட்டுங்க.”

வரைந்தேன். மேலே சக்கரம். அதன் மேல் கம்பி. கம்பியின் ஒரு முனையில் பெட்டி, மறு முனையில் பெட்டிக்கு ஈடாக எதிர் எடை. இரண்டும் சமமாக இருந்தால் லிஃப்ட் நின்ற இடத்தில் நிற்கும். பெட்டிக்குள் அவள் சொன்னபடி ஒரே மாதிரி மூன்று மூட்டையும் நான்கு கிலோவும் போட்டேன். எதிர் எடை பத்தொன்பது கிலோ.

“இப்ப அந்த நாலு கிலோவை இறக்குங்க மாமா.”

பெட்டியிலிருந்து நான்கை அடித்தேன். அவள் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. நான் படத்தைப் பார்த்தேன். எதிர் எடை கனத்து விழ, பெட்டி கூரையைப் பிய்த்துக்கொண்டு போகுமே! யாரும் சொல்லாமல் என் கை தானாகப் போய் எதிர் எடையிலும் நான்கை அடித்தது.

“பதினஞ்சு! மூணு மூட்டைக்குப் பதினஞ்சு! ஒரு மூட்டை அஞ்சு கிலோ!” நான் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெருவில் கதவுகள் திறந்தன. எக்ஸை ஐம்பது வருடத்துக்குப் பிறகு கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

அன்றே வகுப்புக்காக ஒரு குட்டி லிஃப்ட் செய்ய ஆரம்பித்தேன். சக்கரம், கயிறு, இரண்டு தகரப் பெட்டி, நிறைய நட்டு. மூன்று மெல்லிய காகித உறைகளில் ஐந்தைந்து நட்டு போட்டு ஒட்டினேன், அவைதான் எக்ஸ். உறையின் எடையைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் வெளியே போகலாம்.

அந்த நாள் வந்தது. சாமானை வகுப்பில் மாட்டிவிட்டு, கழற்ற ஆள் வேண்டுமே என்ற சாக்கில் வராந்தா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன். குழு கடைசி வரிசையில் இருந்தது. ஒரு பெட்டியில் மூன்று உறையும் நான்கு நட்டும், மறு பக்கத்தில் பத்தொன்பது நட்டும். மருமகள் மூன்றாவது பெஞ்சில் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டாள். அந்தக் குழந்தை முன்னால் வந்து சிலையாக நின்றது. குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பழைய மருமகளாக இருந்தால் இந்நேரம் விடையே வந்திருக்கும்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். “நான் பக்கத்துலதான் இருக்கேன். ஒண்ணும் ஆகாது. எதை வேணும்னாலும் எடுத்துப் பாரு.”

குழந்தை யோசித்தது. பெட்டியிலிருந்து நான்கு நட்டையும் எடுத்தது. அவ்வளவுதான்! எதிர் எடை தடாலென்று விழ, பெட்டி பறந்துபோய்ச் சக்கரத்தில் இடித்தது. எதிர் எடையிலிருந்து ஒரு நட்டு சிதறி உருண்டு போய்த் தலைவரின் செருப்பருகில் நின்றது. வகுப்பே சிரித்தது. குழந்தையின் உதடு துடித்தது.

“இந்தத் தப்பு எங்க மாமாவோட தப்பு” என்றாள் மருமகள். “முப்பத்தேழு வருஷம் லிஃப்ட் பாத்தவர் அவரு. இதையே மூணு நாள் செஞ்சாரு. அதோ, ஜன்னல்ல.”

முப்பத்தைந்து தலைகள் திரும்பின. நான் எழுந்து கும்பிட்டேன். குழந்தை என்னைப் பார்த்தது, பறந்த பெட்டியைப் பார்த்தது. பிறகு உருண்ட நட்டைத் தலைவரிடமே கேட்டு வாங்கி எதிர்ப் பக்கம் போட்டது. அங்கிருந்து எண்ணி நான்கை எடுத்தது. பெட்டியை மெல்லக் கீழே இழுத்து விட்டது. விட்ட இடத்தில் அது அப்படியே நின்றது.

“பதினஞ்சு... அப்ப ஒரு உறையில அஞ்சு!” என்று கத்தி, கேட்காமலே உறையைக் கிழித்தது. ஐந்து நட்டு.

தலைவர் எழுந்து வந்தார். “டீச்சர், இன்னொரு தடவை அது பறக்கட்டுமே” என்றார்.

நிரந்தர வேலைக்கான உத்தரவு எட்டாம் நாள் வந்தது. அதை நான் தெருவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு முறை.

இப்போது அந்தப் பள்ளியில் ஒரு பக்கம் மட்டும் கழித்தால் யாரும் சிவப்பு மையால் அடிப்பதில்லை. ஓரத்தில் பறக்கிற லிஃப்ட் ஒன்றை வரைகிறார்கள். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘மாமா தப்பு’. பெரிய மனிதர்கள் பெயரில் தெரு இருக்கும், பாலம் இருக்கும். தப்பு யாருக்கு இருக்கிறது?

நேற்று பஸ் நிறுத்தத்தில் அந்தக் குழந்தை என்னை அடையாளம் கண்டுகொண்டது.

“தாத்தா, மாமா தப்பு நீங்கதானே? இந்த மாசம் நான் அதை ஒரு தடவைகூட செய்யல!”

“கெட்டிக்காரி” என்றேன். “ஆனா எப்பவாவது ஒண்ணு செய்யும்மா. இல்லன்னா என்னை எல்லாரும் மறந்துடுவாங்க.”