பேர் சொல்ல ஒரு தேள்

கீரனூர் வரும்வரை பிளெஸ்ஸி சொல்ல வேண்டியதைப் பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அவளுடைய புது ஆராய்ச்சிக் கட்டுரையில் அது ஒரே வரி. பொற்கொடியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பொற்கொடியின் கணவன் சரவணக்குமாரும் பிளெஸ்ஸியும் ஒரே கல்லூரியில் தேள்களை ஆராய்ந்தவர்கள். நார்த்தாமலைப் பாறை இடுக்குகளில் நட்டுவாக்காலி என்கிற பெரிய கருந்தேள்களைப் பிடித்துக்கொண்டு திரும்பும் வழியில் லாரி மோதி அவன் செத்துப்போனான். பிள்ளை இல்லை. கடைசியாக அவன் பிடித்தவை எல்லாம் குட்டையாக இருந்தன. இது புது இனம் என்று பிளெஸ்ஸி எழுதி, அவன் பெயரையே அதற்கு வைத்தாள். தலைத்திவசத்துக்குள் கட்டுரை வெளிவர வேண்டும் என்று அவசரம் அவளுக்கு. அழுதுகொண்டே அளந்தால் அளவு எங்கே சரியாக வரும்?

பிறகு ஆசியாவின் பெரிய கருந்தேள்களையே ஆராய்ச்சி உலகம் கலைத்து அடுக்கியது. ஒரே பேரினத்தில் கூட்டுக்குடும்பமாக இருந்தவை தனித்தனிக் குடித்தனம் போயின. அப்போதும் பேரினத்தைச் சொல்லும் முன்பெயர்தான் மாறியது. சரவணக்குமாரின் பெயர் பின்னால் அப்படியே நின்றது. நம் பக்கத்துத் தேள்களை யாராவது சரிபார்க்க வேண்டுமே என்று பிளெஸ்ஸி வலியப் போனாள். அதே பாறையில் அதே மாதிரிக் குட்டைத் தேள்களைப் பிடித்து வளர்த்தாள். அவை தோலுரித்துத் தோலுரித்துப் பெரிதாயின. குட்டை இனமெல்லாம் இல்லை, வளராத குட்டிகள். எப்போதோ பெயர் வைக்கப்பட்ட, ஊரெல்லாம் திரிகிற பழைய இனம். முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது விதி.

தப்பு யாருக்கும் வரும். அவளை அரித்தது அதுவல்ல. போன வருடம் சரவணக்குமாரின் தம்பி செந்தமிழனுக்கு மகன் பிறந்தான். அண்ணன் பெயரையே வைப்பதாக இருந்தார்கள். பெயர் வைக்கிற அன்று பொற்கொடிதான் தடுத்தாள்.

“அவரு பேரு ஒலகம் பூரா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. புள்ளைக்குப் புதுசா வைங்க. என்ன பிளெஸ்ஸி?”

“ஆமாக்கா, அது அழியாது” என்றாள் பிளெஸ்ஸி. அவள் வளர்த்தவற்றில் ஒன்று அதற்கு முன்பே தோலுரித்துப் பெருத்திருந்தது. சந்தேகத்தை விழுங்கிவிட்டுக் கேசரியையும் தின்றாள்.

இப்போது கீரனூர் வீட்டில் பொற்கொடி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை.

“அக்கா, அந்தத் தேளு புது இனம் இல்லக்கா. அண்ணன் பேரு இனி செல்லாது.”

“யாரு சொன்னா?”

“நாந்தான் கண்டுபிடிச்சேன்.”

“வேற யாராச்சும் கண்டுபிடிச்சிட்டுப் போறாங்க. நீ எதுக்குடி?”

தன் தப்பை வேறு யாரும் பிடிக்குமுன் தானே பிடித்துவிட வேண்டும் என்றுதான் பிளெஸ்ஸி போனாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

பொய் சொல்லியிருக்கலாம். நெஞ்சு இடம் கொடுக்கவில்லை.

“புள்ளைக்குப் பேரு வச்ச அன்னைக்கே சந்தேகம் இருந்துச்சுக்கா.”

பொற்கொடி திட்டவில்லை. திட்டியிருந்தால் பிளெஸ்ஸி அழுதாவது தீர்த்திருப்பாள்.

கூடத்தில் தவழ்ந்துகொண்டிருந்த செந்தமிழனின் குழந்தை வாசற்படியை நோக்கிப் போனது. அடுக்களையிலிருந்து அதன் அம்மா குரல் கொடுத்தாள்.

“கவினேஷ், இங்கிட்டு வா.”

குழந்தை உடனே திரும்பிப் பார்த்தது. பெயர் அதற்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.