ஆடாத படம்

அக்காவின் மூக்குக்கண்ணாடியைத் தேடி மேசை இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தான் தம்பி. கூடத்தில் கிடத்தியிருந்தவளின் முகம் கண்ணாடி இல்லாமல் யாரோ மாதிரி இருந்தது. காலையில் போன உயிர். வருகிறவர்கள் பார்க்கும்போதாவது அவள் அவளாக இருக்க வேண்டாமா? கண்ணாடி கிடைக்கவில்லை. உறைக்குள் ஒரு எக்ஸ்ரே படம்தான் கையில் சிக்கியது.

பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பாழாய்ப்போன படம்தான்! மகளின் பிரசவத்துக்காக அவன் விமானம் ஏறுவதற்குச் சில நாள் முன்னால் எடுத்தது. நெஞ்சுக்குள் வெள்ளையாக ஒரு திட்டு. "என்னக்கா இது?" என்று பதறியவனிடம், "அட, எடுக்கும்போது மூச்சு விட்டுட்டேன்டா. படம் ஆடிப்போச்சு. நீ போய்ப் பேரப்பிள்ளையைக் கொஞ்சு" என்று சிரித்தாள். உயிரணு இரண்டாகப் பிரிவதைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டியவள் சொன்னால் மறுபேச்சு ஏது? திரும்பி வந்தபோது படுக்கையில் பாதி ஆளாகக் கிடந்தாள்.

அக்காவின் மாணவி உள்ளே வந்தாள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் ஆமை. இப்போது ஆய்வுக்கூடம் முழுக்க அவள் பொறுப்பு.

"ஊர்ல இருக்கிற உயிரணுவையெல்லாம் பாத்தா. தன் நெஞ்சுல இருந்தது கண்ணுக்குத் தெரியல. படம் ஆடிப்போச்சாம்! என்ன பெரிய விஞ்ஞானி!" அவன் படத்தை அவளிடம் நீட்டினான்.

ஆமை படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். விலா எலும்பு ஒன்றின் ஓரமாக விரலை ஓட்டினாள். பிறகு, "நீங்களே பாருங்க சார்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவனுக்கும் பார்க்கத் தெரியும். அக்காவின் முதல் வேலை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில்தான். மைக்ரோஸ்கோப், பட்டம், ஆய்வுக்கூடம் எல்லாம் அப்புறம் வந்தவை. இருமலோடு வந்த அவனையே நிறுத்தி வைத்து, "மூச்சை இழு. பிடி. நான் சொல்ற வரைக்கும் விடாதே" என்பாள். அவன் விட்டுவிடுவான். "பாருடா, விலா எலும்பெல்லாம் ரெட்டையா தெரியுது. ஆட்டக்காரா!" என்று குட்டுவாள். வீட்டில் அவன் அழுதாலும், "மூச்சை இழு. பிடி" என்று அதே வசனம்தான்.

படத்தை உயர்த்தினான். ஒவ்வொரு எலும்பின் ஓரமும் கூர்மையாக, ஒற்றைக் கோடாக இருந்தது. எதுவும் ஆடவில்லை.

"அடிப்பாவி" என்றான். "தெரிஞ்சேதான் என்னை அனுப்பிருக்கா."

"அந்த வாரமே ஆய்வுக்கூடத்துச் சாவியை எங்கிட்ட கொடுத்துட்டாங்க சார். ஏன்னு கேட்டேன். உன் வேகத்துக்கு இப்பவே ஆரம்பிச்சாதான் உண்டுன்னாங்க."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன அவனுக்கு. ஆமை கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள்.

"மைக்ரோஸ்கோப்ல பாக்கறதுக்குக் கழட்டி வெச்சது. கடைசியா வந்தன்னைக்கு அங்கேயே மறந்துட்டாங்க. கொண்டாரட்டுமான்னு கேட்டதுக்கு, இருக்கட்டும், இனிமே என்னத்த பாக்கப்போறேன்னாங்க."

அவன் அதை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போனான். அக்காவின் தலைமாட்டில் குனிந்தான். கை நடுங்கியது. ஒரு கொம்பு காதில் மாட்டியது, மற்றது நழுவியது. மூச்சை இழுத்துப் பிடித்தான். கை நின்றது. கண்ணாடி மூக்கில் நேராக உட்கார்ந்தது.

அவன் இன்னும் மூச்சை விடவில்லை.