தொட்டுக்க என்ன?

கோழியின் மார்புத் துண்டைப் பலகையில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, சின்னவள் மரச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் நாற்பத்திரண்டு துண்டுகள். எதிரே இருக்கும் பஸ் பணிமனையில் ஃபோர்மேன் அன்றைக்கு ஓய்வு பெறுகிறார். மதியம் ஒரு மணிக்கு நாற்பத்திரண்டு தட்டு கட்லெட் போய்ச் சேர வேண்டும். இருபதாவது துண்டில் அவள் சுத்தியலை ஓங்கும்போது, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மெதுவா அடிடி. கோழி ஏற்கெனவே செத்துடுச்சு."

குரலில் மூச்சு பாதிதான் இருந்தது. அதிகாரம் முழுசாக இருந்தது.

அக்கா படுத்து மூன்று மாதம் ஆகிறது. மாடியில் இருக்கும் வீட்டுக்கு ஏற முடியாது என்று ஆனதும், சமையலறைக்குப் பின்னால் மூட்டைகள் கிடந்த அறையைக் காலி செய்யச் சொன்னதும் அவள்தான், கட்டிலைத் தடுப்பை ஒட்டிப் போடச் சொன்னதும் அவள்தான். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். முந்தின நாள் வந்த நர்ஸ், சின்னவளை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், ஒரு நாளோ இரண்டு நாளோ என்று ரகசியமாகச் சொன்னார். அந்த ரகசியமும் உள்ளே கேட்டுவிட்டது. அக்காவுக்குப் பாம்புக் காது. "ரெண்டு நாளாவே இருக்கட்டும். நாளைக்கு ஆர்டர் இருக்கு" என்று கட்டிலிலிருந்து பதில் வந்தது.

இன்றைக்குக் காலையில் வாய் கொப்பளிக்க வைத்தபோது இன்னும் ஒரு படி மேலே போய்விட்டாள்.

"நடுவுல நான் போயிட்டேன்னா அடுப்பை அணைச்சுட்டு உக்காந்து அழாத. மிச்சத்தையும் பொரிச்சு அனுப்பிட்டு அழு. வாக்குக் குடுத்தாச்சு."

சின்னவளுக்கு வந்த கோபத்தில் தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்துவிட்டு வந்துதான் சுத்தியலைக் கையில் எடுத்தாள். அடி பலமாக விழுந்ததற்குக் கோழி பொறுப்பில்லை.

கடை திறந்து இருபத்திரண்டு வருஷம். ஆரம்பத்திலிருந்தே வேலை பிரிந்திருந்தது. கட்லெட் பெரியவளுடையது. அதோடு தட்டில் போகிற மற்ற எல்லாம் சின்னவளுடையது. பணிமனை ஆட்கள் பெரியவளைக் கட்லெட்டம்மா என்பார்கள். சின்னவளுக்கு அவர்கள் வைத்த பேர் 'தொட்டுக்க'. "தொட்டுக்க இன்னும் வரலையா?" என்று யாராவது சத்தம் போட்டால், கேட்பது உருளைக்கிழங்கையா ஆளையா என்று அவளுக்கே தெரியாது. இரண்டுமாகத்தான் போவாள்.

தொட்டுக்கொள்ளச் செய்வதுதான் அவள் வேலையே தவிர, எதைச் செய்வது என்பது அவள் கையில் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவள் அக்காவிடம் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்குத் தொட்டுக்க என்ன?" பதில் பெரும்பாலும் மசித்த உருளைக்கிழங்கு, எலுமிச்சை பிழிந்த முட்டைக்கோஸ். வெள்ளிக்கிழமை என்றால் பட்டாணி. கட்லெட்தான் ராஜா, பக்கத்தில் நிற்பவர்கள் ராஜாவை மறைக்கக் கூடாது என்பது அக்காவின் சட்டம். பதில் தெரிந்திருந்தும் சின்னவள் தினமும் கேட்டாள், அக்காவும் தினமும் யோசிப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சொன்னாள்.

இந்த மூன்று மாதமாகப் பொரிப்பதும் சின்னவள்தான். ஆனால் அதைப் பொரிப்பது என்று சொல்ல அவளுக்கே கூச்சமாக இருக்கும். துண்டுகளை எண்ணெயில் இறக்கிவிட்டுக் கரண்டியோடு நிற்பாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு எண்ணெயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். துண்டு இறங்கியதும் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்குமாம். கோழியின் ஈரம் வற்ற வற்றச் சத்தம் மெலியுமாம். மெலிகிற அந்த இடத்தில் அக்கா "திருப்பு" என்பாள், இவள் திருப்புவாள். எந்த இடம் என்று சின்னவளுக்குப் பிடிபடவே இல்லை. அவளுக்கு எப்போதும் மழைதான்.

மணி ஒன்பதரைக்கு அக்காவின் மகன் கூப்பிட்டான். சின்னவளின் கையெல்லாம் முட்டை. ரொட்டித்தூள் புரட்டுகிற வேலைக்கு வரும் பெண்தான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவளைக் கடையில் எல்லோரும் 'தூள்' என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடுவதில் அவளுக்கும் சந்தோஷம்தான். சாயங்கால ரயிலில் வருகிறேன் என்றான் மகன். அம்மா ஏதாவது சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேட்டான். பிறகு குரலைச் செருமிக்கொண்டான்.

"சித்தி, அம்மாவுக்கு அப்புறம் கடையை மூடிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்க. தனியா என்ன பண்ணுவீங்க? நீங்க தொட்டுக்க மட்டும்தானே பண்ணுவீங்க."

நல்ல பிள்ளை. அவன் குரலில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகத் தைத்தது. பாக்கலாம்பா என்று சொல்லி வைத்துவிட்டாள். அக்கா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். மகனாகவே இருந்தாலும் கடையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் விடுகிற ஆளா அவள்? தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. உண்மையைத்தானே சொன்னான், அக்கா என்ன சொல்லுவாள் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு, காலையில் கோபத்தில் கேட்காமல் விட்ட வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"அக்கா, இன்னைக்குத் தொட்டுக்க என்ன?"

பதில் கட்டிலிலிருந்து வந்தது.

"நீயே பாத்துக்க."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு தடுப்புக்குப் பக்கத்தில் போனாள். "என்ன சொன்ன?"

"காது கேக்கலையா? நீயே பாத்துக்க."

நர்ஸ் சொன்னபோது வராத பயம் அப்போது வந்தது. தூள் நிமிர்ந்து பார்த்தாள். மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்று மூன்று தட்டுகளுக்கு நடுவில் அவளுடைய கைகளும் நின்றுவிட்டன.

சின்னவள் ஃபிரிட்ஜைத் திறந்து, முதல் முறையாகப் பார்க்கிறவள்போல் பார்த்தாள். மசித்த உருளைக்கிழங்கு வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஃபோர்மேனுக்குக் கட்டிய பல், மெத்தென்று ஏதாவது இருந்தால்தான் அவருக்குச் சாப்பாடு. முட்டைக்கோஸும் இருக்கட்டும், அதை மெலிசாக அரிந்து எலுமிச்சையோடு சில்லென்று வைத்தால் சூட்டுக்கு இதமாக இருக்கும். மூன்றாவது என்ன? பட்டாணி தட்டில் உருண்டு ஓடும், இவர்கள் நின்றுகொண்டு சாப்பிடப்போகிறவர்கள். மயோனைஸில் பிசைந்த மக்ரோனி வேண்டாம், பொரித்த எண்ணெய்க்கு இன்னொரு எண்ணெய் துணைக்குப் போனால் யார் சாப்பிடுவது? வெள்ளரிக்காய் உப்புப் பட்டதும் அழ ஆரம்பித்துவிடும்.

கட்லெட்டின் கஷ்டம் அவளுக்குத் தெரியும். முதல் வாய் சொர்க்கம். நாலாவது வாயில் திகட்டும். இருபத்திரண்டு வருஷமாகத் தட்டு எடுக்கிறவள் அவள். எந்தத் தட்டில் எவ்வளவு கட்லெட் மிச்சம் வருகிறது என்று பார்த்தவள் அவள்தான், பொரித்தவள் இல்லை. ராஜாவை மறைக்காமல் நிற்க ஆள் வேண்டும் என்று அக்கா நினைத்தாள். அவ்வப்போது ராஜாவின் காலை வாரிவிட ஓர் ஆள் வேண்டும் என்று சின்னவள் நினைத்தாள். நினைத்ததை ஒரே ஒரு தடவை, கடை திறந்த முதல் வருஷத்தில், செய்தும் பார்த்தாள். வினிகர் விட்ட பீட்ரூட். சிவப்புச் சாறு ஓடிக் கட்லெட்டின் மொறுமொறுப்பு ஊறிப் போனது. வாடிக்கையாளர்களுக்கு முன்னாலேயே அக்கா பாத்திரத்தோடு எடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

கூடையின் அடியில் பீட்ரூட் இருந்தது. அவள் அதை எடுத்துக் கழுவினாள்.

குக்கர் இரண்டாவது விசில் அடித்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னடி மண்ணு வாசனை? பீட்ரூட்டா?"

சின்னவள் பீட்ரூட்டைத் தோலுரித்துப் பொடியாக அரிந்து, வினிகர், கொஞ்சம் சர்க்கரை, நிறைய மிளகு போட்டுப் புரட்டினாள். ஒரு ஸ்பூனில் எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். அக்கா தலையணையில் இன்னும் சின்னதாகியிருந்தாள். கண்கள் மட்டும் அப்படியே இருந்தன.

"சிவப்பு ஓடும்" என்றாள் அக்கா.

"ஓடாது. கிண்ணத்துல தனியா வைக்கிறேன்."

"அத்தனை கிண்ணம் எங்க இருக்கு?"

"நாப்பத்தெட்டு இருக்கு. எண்ணிட்டேன்."

அக்கா வாயைத் திறந்தாள். இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர எதற்கும் திறக்காத வாய். நாக்கு நுனியில் பட்டதை வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினாள்.

"இதை ஏன்டி இத்தனை வருஷமா சொல்லல?"

"சொன்னேன். முதல் வருஷமே சொன்னேன். எண்ணெய் பேசுறதெல்லாம் உனக்குக் கேக்கும். நான் பேசுறதுதான் கேக்காது."

சொன்ன பிறகுதான், சாகக் கிடப்பவளிடம் இப்படியா பேசுவது என்று உறைத்தது. ஆனால் அக்காவின் தோள் குலுங்கியது. சிரிப்பு இருமலாக மாறி, இருமல் அடங்கிப் பழையபடி மூச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சின்னவள் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். உதட்டோரச் சிவப்பு போகவில்லை.

"போ. எண்ணெய் வை" என்றாள் அக்கா.

பன்னிரண்டு மணிக்கு எண்ணெய் காய்ந்தது. தூள் ஒரு சிட்டிகை ரொட்டித்தூளைப் போட்டுப் பார்த்தாள், பொங்கி மேலே வந்தது. ஒரு தடவைக்கு ஆறு துண்டு, ஏழு தடவை. மேஜையில் தட்டுகள் அடுக்கடுக்காகக் காத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் உருளைக்கிழங்கு, பக்கத்தில் முட்டைக்கோஸ், சின்னக் கிண்ணத்தில் பீட்ரூட். நடுவில் கட்லெட்டுக்கு இடம் விட்டிருந்தது.

முதல் ஆறு இறங்கியது. மழை பெய்தது. "திருப்பு" என்று குரல் வந்ததும் திருப்பினாள். துண்டுகள் தேன் நிறத்தில் மினுங்கின.

இரண்டாவது ஆறுக்குக் குரல் வரவில்லை. தடுப்புப் பலகையில் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. அதுவும் திருப்பு என்றுதான் அர்த்தம். திருப்பினாள்.

மூன்றாவது ஆறை இறக்கிவிட்டுச் சின்னவள் தடுப்பின் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். குரலுக்காகக் காத்திருந்தாள். பிறகு தட்டுவதற்காகக் காத்திருந்தாள். தூள் ஏதோ கேட்க வாயெடுத்ததைக் கையைக் காட்டி நிறுத்தினாள். தெருவில் போன பஸ்ஸின் சத்தம் விலகியது. குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் கேட்டது. அவ்வளவு உன்னிப்பாக அவள் தன் வாழ்நாளில் எதையும் கேட்டதில்லை. அப்போதுதான் அந்தச் சத்தமும் கேட்டது. கொட்டிக்கொண்டிருந்த மழை சட்டென்று தூறலானது. எண்ணெய் மெலிந்து, சன்னமாக, கிட்டத்தட்ட ஒரு பேச்சைப் போல இருந்தது. இதுதானா என்று நினைத்தாள். கரண்டியை எண்ணெயில் விட்டு ஒவ்வொன்றாக ஆறையும் திருப்பினாள். ஆறும் தேன் நிறம்.

அவற்றை எடுத்து வடிய வைத்தாள். அடுப்பைச் சிறிதாக்கினாள். பிறகுதான் உள்ளே போனாள்.

அக்காவின் முகம் தடுப்பின் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கை பலகையின் மேல், தட்டுவதற்குத் தூக்கியதுபோலப் படிந்திருந்தது. உதட்டோரத்தில் அந்தச் சிவப்பு இருந்தது. சின்னவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். பலகையிலிருந்து கையை எடுத்து, விரல்களை நீவிவிட்டு, போர்வைக்குள் வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்து எண்ணெய்ச் சூடு பட்ட கை, காய்ப்பு ஏறியிருந்தது. அவள் அதை உடனே விட்டுவிடவில்லை.

வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் தூளுக்குப் புரிந்துவிட்டது. முட்டை வழிகிற கையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கடையைச் சாத்திடலாமா, எதிரே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா என்று விசும்பலுக்கு நடுவில் கேட்டாள். கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தைந்து.

"இன்னும் இருபத்துநாலு இருக்கு" என்றாள் சின்னவள். "கையைக் கழுவிட்டு வா."

தூள் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அழுதுகொண்டே அடுத்த ஆறு துண்டுகளைப் புரட்டித் தந்தாள். சின்னவள் தீயைக் கூட்டி, ஒவ்வொன்றாக எண்ணெயில் இறக்கினாள். மழை பெரிதாக ஆரம்பித்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை கொட்டி, கொட்டி, மெலிந்தது.

"திருப்பு" என்றாள் சின்னவள், தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிற அளவுக்குச் சத்தமாக. திருப்பினாள்.