லிஃப்ட்காரர் மட்டும் கை தூக்கவில்லை

அந்த வருடம் குளிர்காலம், பந்தியில் பாதியில் கோபித்துக்கொண்ட சம்பந்தியைப் போல, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டது.

தெருவில் முதலில் கண்டுபிடித்தவள் சலவைக்கடை அக்கா. ஒருநாள் காலையில் போர்வைகளை வெளிக்கொடியில் போட்டாள், மதியத்துக்குள் காய்ந்துவிட்டன. மறுநாள் முனைக் காபிக்கடைக்காரன் நாற்காலிகளை நடைபாதையில் இழுத்துப் போட்டான். மொட்டையாக நின்ற மரங்கள், தேதியைத் தப்பாகப் பார்த்தவைபோல் அவசர அவசரமாக மொட்டு விட்டன. எங்கிருந்தோ ஓர் ஈகூட வந்து சேர்ந்தது. ஈக்கே தெரிந்த செய்தி ஐந்தாம் மாடி லிஃப்ட்காரருக்கு மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதைவிட, தெரிந்துகொள்ள அவருக்கு மனசில்லை என்பதுதான் சரி.

இத்தனைக்கும் அவர் சாதாரண ஆள் இல்லை. பகலெல்லாம் ஊரில் உள்ள லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது பிழைப்பு என்றால், காற்றையும் வெயிலையும் அளப்பது அவருக்கு மூச்சு. அந்த வட்டாரத்து வானிலைக் குழுவில் மூத்த உறுப்பினர். பால்கனியில் வெள்ளை மரப்பெட்டி ஒன்று வைத்து, அதற்குள் வெப்பமானி பொருத்தி, தினமும் காலையில் அளவைக் குழுவின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அளவுக்குக் கீழே ஒரு வரி குறிப்பும் எழுத வேண்டும் என்பது குழுவின் வழக்கம். முடிதிருத்துகிறவர் "எறும்பு கண்டேன்" என்று எழுதுவார். மருந்துக்கடைக்காரி "இருமல் மருந்து விற்பனை சரிவு" என்று எழுதுவாள். நம் லிஃப்ட்காரர் சில வாரங்களாக ஒரே வரியைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்: "குளிர் நீடிக்கிறது."

குழு சனிக்கிழமை மாலைகளில் மருந்துக்கடையின் பின்னறையில் கூடும். அட்டைப்பெட்டிகள்தான் ஆசனம். தலைவர் ஒரு பழைய தலைமையாசிரியர். அவர் முகம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குவதால் பாரோமீட்டர் என்று பெயர்; அவருக்கும் தெரியும், கோபம் இல்லை. குளிர்காலம் முடிந்தது என்று குழு அறிவிக்க வேண்டுமானால் எல்லாரும் கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் அறிவிப்பு கிடையாது. முன்பு ஒருமுறை அவசரப்பட்டு அறிவித்து, மறுநாளே முழங்கால் அளவு பனி கொட்டி, ஊரே கைகொட்டிச் சிரித்ததில் பிறந்த விதி அது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு வானிலைக் குழு இருந்தது. யார் முதலில் அறிவிப்பது என்பதில் இரண்டு குழுவுக்கும் எலியும் பூனையும்தான்.

"சரி, கை தூக்குங்க," என்றார் பாரோமீட்டர் அந்தச் சனிக்கிழமை.

முடிதிருத்துகிறவர் இரண்டு கையையும் தூக்கினார். மருந்துக்கடைக்காரி தூக்கினாள். மற்றவர்களும் தூக்கினார்கள். லிஃப்ட்காரர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்ன சார், கைக்கு ஏதாவது சுளுக்கா?"

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்."

"எதைப் பொறுக்கறது? போன வருஷம் இந்நேரம் என் கடையில குழாய்த் தண்ணி உறைஞ்சு போச்சு. இந்த வருஷம் ஃபேன் போடுன்னு கேக்கறாங்க!" என்றார் முடிதிருத்துகிறவர்.

"ராத்திரிக் குளிரை நம்பக் கூடாது. திரும்பி வரும்."

"உங்க பெட்டியில எவ்வளவு காட்டுது? அதைச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் சொன்னார். அளவைக் குறைத்துச் சொல்லத் தெரியாத மனிதர். எல்லாருடையதையும்விட அவருடைய அளவுதான் கூடுதல்.

"அதைச் சொல்லிட்டு, அதே வாயால குளிர் போகலைன்னும் சொல்றீங்களே!" என்றார் பாரோமீட்டர், முகம் இறங்க. "அந்தக் கரைக்காரங்க முந்திக்கப் போறாங்க. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்காதீங்க."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருந்தார் லிஃப்ட்காரர். வியர்வை மட்டும் காதோரம் வழிந்தது.

காரணம் தெருவுக்குத் தெரியாதா என்ன? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவர் மனைவி வீட்டிலேயே ரொட்டி சுட்டு இரண்டு கடைகளுக்குக் கொடுப்பவள். பால்கனிப் பெட்டியிலிருந்து அளவை உள்ளே கொண்டுவரும் ஒயர் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் நுழையும். ஒயர் இருக்கிற வரை ஜன்னல் முழுசாக மூடாது. ஒரு விரல் இடைவெளி இருக்கும். குளிர்காலம் முழுக்க அந்த இடுக்கு வழியே காற்று கத்திபோல் வந்து, பிசைந்து வைத்த மாவின்மேல் விழும். மாவு பொங்காது. அவள் மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றிப் படுக்கையில் வைத்துப் பார்த்தாள், குளியலறையில் வைத்துப் பார்த்தாள். ஒயரை வேறு வழியாக விடச் சொல்லிக் கேட்டும் பார்த்தாள். ஒயரைக் கழற்றினால் அன்றைய அளவு விட்டுப்போகும், இத்தனை வருடத் தொடர்ச்சி போய்விடும் என்றார் அவர். பொங்காத ரொட்டியை ஒரு கடைக்காரன் திருப்பி அனுப்பிய அன்று, அவள் துணிப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கடலோர ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலில் அவள் சொன்னதை நாலாம் மாடி முழுக்கக் கேட்டது. அப்படிக் கத்தியெல்லாம் சொல்லவில்லை; நாலாம் மாடிக்காரர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"குளிர் போகட்டும், வரேன்."

அந்த ஒரு வாக்கியத்தைப் போர்த்திக்கொண்டுதான் லிஃப்ட்காரர் காலம் தள்ளினார். குளிர் இருக்கிற வரை, வராத மனைவி குளிருக்குப் பயந்து தங்கையிடம் இருக்கிறவள். குளிர் போய், அப்புறமும் அவள் வரவில்லை என்றால்? அப்போது அதற்குப் பெயர் வேறு. அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதைவிடக் கோட்டுக்குள் வியர்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோனில் பேசுவார்கள். கேஸ் பில், குழாய் ஒழுகல், தங்கை பிள்ளையின் பரீட்சை. கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவர் மனைவியிடம் வானிலையைப் பற்றி மூச்சு விடாமல் இருந்தார்.

"என்னண்ணே, கோட்டுக்குள்ள கோழிமுட்டை வெச்சு அடைகாக்கறீங்களா?" என்றாள் சலவைக்கடை அக்கா, திங்கட்கிழமை காலையில், சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு.

"காத்து இருக்குதும்மா."

"இருக்குது இருக்குது. அந்தக் காத்துலதான் என் போர்வை எல்லாம் காயுது. அந்தக் கோட்டைக் கொடுங்க, துவைச்சுத் தரேன். வாசனை மூணு கடை தாண்டி வருது."

அவர் நடையைக் கட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்க வேண்டும்.

இதற்கிடையில் பாரோமீட்டருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆள் பொய் சொல்கிறவர் இல்லை. அப்படியானால் கருவியில்தான் கோளாறு. அதை நம்பாமல்தான் மனிதர் தயங்குகிறார். படித்தவர்களுக்கு இப்படித்தான் தோன்றும். பரிசோதித்து வரும்படி மருந்துக்கடைக்காரியை அனுப்பினார்.

அவள் மாலையில் தன் வெப்பமானியோடு வந்தாள். லிஃப்ட் ஓடவில்லை என்பதால் மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட்டறீங்க, உங்க கட்டடத்துல மட்டும் படிக்கட்டா?" என்று கேட்டுக்கொண்டே பால்கனிக்குப் போனாள். பெட்டியைத் திறந்தாள். இரண்டு வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தவள், சமையலறையில் நின்றாள்.

ஜன்னல் மூடியிருந்தது. நன்றாக, இறுக்கமாக. சட்டத்தில் சுத்தமாக ஒரு துளை போட்டு, அதன் வழியாக ஒயரை விட்டு, சுற்றிலும் ரப்பர் வைத்து அடைத்திருந்தது.

"இது எப்ப செஞ்சீங்க?"

"அவ போன அன்னிக்கு."

"ஓ! அன்னிக்குத்தான் உங்க அளவு வரலை. கருவி ரிப்பேர்னு நினைச்சோம்." அவள் துளையை விரலால் தடவினாள். "அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவ கேக்கலையே."

மருந்துக்கடைக்காரி தன் வெப்பமானியைப் பைக்குள் வைத்தாள். நாள் முழுக்க மனிதர்கள் தங்கள் வியாதியை மறைத்து, "நண்பர் ஒருத்தருக்கு மருந்து வேணும்" என்று கேட்பதைப் பார்க்கிறவள். அவளுக்கு இது புதிதில்லை.

"கருவி நல்லா இருக்கு சார். ஆளுக்குத்தான் கோளாறு. அவங்களுக்கு ஒரு ஃபோனைப் போடுங்க. வரலைன்னு சொன்னா, அதையும் கேட்டுக்கத்தான் வேணும். அதுக்காக எங்க எல்லாரையும் பனிக்காலத்துல கட்டிப்போட முடியுமா?"

அவள் காலடி ஓசை கீழ்ப்படியில் தேயும்வரை காத்திருந்துவிட்டு, அவர் ஃபோனை எடுத்தார்.

"என்னங்க, இன்னிக்கு ஞாயித்துக்கிழமைகூட இல்லையே. யாருக்காவது உடம்பு சரியில்லையா?" அந்தப் பக்கம் மாவை மேசையில் அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்ல. இங்க... குளிர் போயிடுச்சு."

மாவுச் சத்தம் நின்றது.

"எப்ப?"

"கொஞ்ச நாளாச்சு."

"கொஞ்ச நாளா? இன்னிக்குக் காலையிலகூட 'குளிர் நீடிக்கிறது'ன்னு போட்டிருந்தீங்களே?"

லிஃப்ட்காரர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ அதெல்லாம் பாக்கறியா?"

"பின்னே? உங்க வாயிலருந்து கேஸ் பில்லைத் தவிர வேற என்ன வருது? காலையில எழுந்ததும் அதைத்தான் பாக்கறேன். ஒருத்தர் எறும்புங்கறார், ஒருத்தர் மொட்டுங்கறார். நீங்க மட்டும் நீடிக்குது, நீடிக்குதுன்னே எழுதறீங்க. என் தங்கச்சிகூடச் சிரிச்சா, உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தனியா பனி கொட்டுதாக்கான்னு." குரல் கொஞ்சம் இறங்கிற்று. "சரி, மனுஷன் நான் வர வேணாம்னுதான் இப்படிச் சுத்தி வளைச்சு எழுதறார்னு நினைச்சேன். பெட்டிய ரெண்டு தடவை கட்டிட்டுப் பிரிச்சேன், தெரியுமா?"

"ஐயோ, நான் நினைச்சது அது இல்ல. குளிர் போச்சுன்னு எழுதி, அப்புறமும் நீ வரலைன்னா..."

"அதுக்குக் குளிரைப் பிடிச்சுக் கட்டி வெச்சீங்களாக்கும்! நல்ல புத்தி." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஜன்னல் எப்படி இருக்கு?"

"மூடுது. நீ போன அன்னிக்கே சட்டத்துல ஓட்டை போட்டு ஒயரை விட்டுட்டேன்."

"அன்னிக்கேவா? எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி."

"அரை மணி," என்றாள் அவள். அவள் சிரிக்கவில்லை. அந்த அரை மணிக்குள் எத்தனை குளிர்காலத்து ரொட்டி அடங்கியிருக்கிறது என்று அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"தப்புதான்," என்றார்.

"தப்புதான்," என்று அவளும் ஒப்புக்கொண்டாள். பிறகு, "சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸுல வரேன். ஸ்டாண்டுக்கெல்லாம் வர வேணாம். உங்க கூட்டம் இருக்குமே," என்றாள்.

சனிக்கிழமை மருந்துக்கடைப் பின்னறையில் எல்லாரும் கூடினார்கள். லிஃப்ட்காரர் காலையில் "குளிர் போயிற்று" என்று எழுதியிருந்ததால் பாரோமீட்டர் முகம் உச்சியில் இருந்தது. அறிவிப்பைக்கூட எழுதிக் கையில் வைத்திருந்தார். ஆனால் கை தூக்க வேண்டிய ஆளைக் காணோம்.

"எங்க போனார் மனுஷன்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு," என்றாள் மருந்துக்கடைக்காரி.

"அவர்தான் எழுதிட்டாரே, அதையே கையா எடுத்துக்கலாமே," என்றார் முடிதிருத்துகிறவர்.

"விதி விதிதான். கைன்னா கை," என்றார் பாரோமீட்டர், தான் வெட்டிய குழியைத் தானே எட்டிப் பார்ப்பவரைப் போல. அவர் சொல்லி முடிக்கும்போதே எல்லாருடைய ஃபோனும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தது. ஆற்றுக்கு அந்தக் கரைக்காரர்கள், நினைவுக்கு எட்டியவரை மிக மிதமான குளிர்காலம் மிகச் சீக்கிரமாக முடிந்துவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். பாரோமீட்டர் முகம் புயல் எச்சரிக்கைக்கு இறங்கிற்று.

பஸ் ஸ்டாண்டில் அவள் மெல்லிய சட்டையோடு இறங்கினாள். வர வேண்டாம் என்று சொன்ன இடத்தில் அவர் கோட்டு இல்லாமல் நின்றிருந்தார்.

"கூட்டம்?"

"அது அடுத்த வாரமும் இருக்கும்."

அவள் பெட்டியைக் கொடுத்தாள். தங்கை வீட்டிலிருந்து எதையோ அள்ளிக்கொண்டு வந்திருந்தாள் போல, கல்லாய்க் கனத்தது. மாடி ஏறும்போது ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் தாமாகத் திறந்தன. ஒரு வீட்டில் குப்பைக்கூடையை வெளியே வைக்க வேண்டியிருந்தது. ஒரு வீட்டில் செருப்பை நேராக்க வேண்டியிருந்தது. நாலாம் மாடியில் சாக்குச் சொல்லக்கூட யாருக்கும் நேரமில்லை, குடும்பத்தோடு வந்து நின்றுவிட்டார்கள்.

"வந்துட்டீங்களாக்கா?"

"வந்துட்டேன்," என்றாள் அவள், மூச்சு வாங்க. பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இந்த லிஃப்ட் எத்தனை நாளா இப்படி நிக்குது?"

"நாளைக்குப் பாக்கறேன்."

"நாளைக்கா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பெட்டியை ஐந்தாம் மாடியில் இறக்கி வைத்துவிட்டு, கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே கீழே இறங்கினார். நாலாம் மாடிக்காரர்கள் இன்னும் கதவை மூடவில்லை. அவர் உதட்டில் ஏதோ பாட்டு இருந்ததாக அவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.