பனாமாவில் யார் இருக்கிறார்கள்?

"வியாழக்கிழமை பனாமாவுக்குப் போறன். அடுத்த செவ்வாய் வந்திடுவன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே றோபேட் இதைச் சொன்னான். கீழே பல்லாரோச் சந்தையில் இறங்கி இரண்டு மீன் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்கிற தொனிதான். குழம்புச் சட்டியோடு வந்த அவன் மனைவி செல்வமலர் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பனாமாவிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"கலியாணமோ? செத்தவீடோ?"

"ஒண்டும் இல்லை. சும்மா. போனிலை டிக்கெட் மலிவா வந்தது, அமத்திப்போட்டன். பனாமா நகரத்திலை நிண்டால் கால்வாயாலை கப்பல் போறது வடிவாத் தெரியுமாம்."

"கப்பல் பாக்க அவ்வளவு தூரம் போகவேணுமே? உங்கை துறைமுகத்திலை நிக்கிறது என்ன, மாட்டு வண்டிலே?"

றோபேட் சிரித்தான். இன்னொரு கரண்டி குழம்பு கேட்டான். பேச்சு அவ்வளவில் முடிந்தது. முடியாதது எல்லாம் செல்வமலரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவளைக் குறை சொல்ல முடியாது. இத்தாலியின் இந்தப் பலேர்மோவில் நம் சனங்கள் விமானம் ஏறுவதென்றால் அதற்கு ஒரு கலியாணம் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு செத்தவீடு, அதுவும் இல்லாவிட்டால் மடுத் திருவிழா. இறங்குகிற இடத்தில் காரைக் கொண்டுவந்து நிறுத்த ஒரு மச்சானாவது இருக்கவேண்டும். ஆளில்லாத ஊருக்கு ஒருவன் புறப்பட்டான் என்றால் அவனுக்கு விசர் பிடித்திருக்கவேண்டும், அல்லது அவன் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. றோபேட்டுக்கு விசர் இல்லை. மன்னார்ப் பேசாலையில் பிறந்து, இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்து, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இரண்டாம் அடுப்புச் சமையல்காரன்வரை ஏறிய மனிதன். சத்தம் போடத் தெரியாதவன். இந்த அமசடக்கான ஆட்களைத்தான் ஒருபோதும் நம்பக்கூடாது என்று அன்று இரவு முழுக்கச் செல்வமலர் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

வியாழன் காலையில் அவன் குளித்துவிட்டு வந்தபோது மீசையைக் காணவில்லை.

"என்ன கோலம் இது?"

"சும்மா எடுத்துப் பாத்தன். அங்கை வெக்கையாம்."

மகள் அமலினியின் பழைய பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, "போட்டு வாறன்" என்று படியிறங்கிப் போனான். ஒரு பை. நாலு சட்டை.

மேல்மாடி யோசப்பின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"பனாமாவோ? ஐயோ மலர், அது மேலை போற வழியல்லோ! அதாலை ஏறி அமெரிக்கா, பேந்து கனடா."

"அவரிட்டை இத்தாலிப் பாஸ்போட் இருக்கு யோசப்பின். கனடாவுக்கு நேரை பிளேனிலை போகலாம்."

"போகலாம், இருக்கேலாது. இத்தாலிக்காரனை அகதியெண்டு ஆர் எடுப்பான்? பாஸ்போட்டைத் துலைச்சுப்போட்டு மன்னாரிலையிருந்து வந்தவன் மாதிரிப் போய் நிக்கவேணும். என்ரை மச்சான் அப்பிடித்தானே போய்ச் சேர்ந்தவர்? நாலு நாளெண்டுதான் அவரும் சொன்னவர். இப்ப ரொறன்ரோவிலை லொறி ஓடுறார். அதுசரி, மீசையை எடுத்தவரோ?"

"ஓம்."

"பாத்தியே!" யோசப்பின் கையைத் தட்டினாள். "என்ரை மச்சானும் எடுத்தவர்."

மீசைக்கும் கனடாவுக்கும் என்ன தொடர்பு என்று செல்வமலர் கேட்கவில்லை. எரிகிற வீட்டில் யார் கணக்குப் பார்ப்பார்கள்? யோசப்பின் குரலைத் தாழ்த்திக் கடைசிப் புத்திமதியையும் சொன்னாள்: "போன் எடுத்துப்போடாதை. அவர் எடுத்தாலும் தொடாதை. வழியிலை நிக்கிறவனைக் காட்டிக்கொடுக்கிறது வீட்டுக் கோல்தான்."

அது செல்வமலருக்குப் புதிதல்ல. றோபேட் முதன்முதல் இத்தாலிக்கு வெளிக்கிட்டபோது ஏஜென்ட்காரன் வைத்த சட்டமும் அதுதான். போய்ச் சேர்ந்தேன் என்று செய்தி வரும்வரை மூன்று மாதம் பேசாலையில் வாயை இறுக்கிக்கொண்டு இருந்தவள் அவள். பழகிய கைக்கு மறக்குமா? வெள்ளிக்கிழமை காலையில் றோபேட்டின் பெயரோடு போன் அடித்தபோது அதை எடுத்து அரிசி வாளிக்குள் வைத்து மூடினாள். அரிசிக்குள் கிடந்து அது அடித்து ஓய்ந்தது.

அமலினிக்குப் பொறுக்கவில்லை. "மம்மா! அப்பா என்னோடை கதைச்சவர். அவர் வக்கான்ஸாவிலை நிக்கிறார், லீவிலை. செவ்வாய்க்கிழமை வாறார். பாஸ்தா, அவ்வளவுதான்!"

"பிள்ளைக்கு வேறை என்னத்தைச் சொல்லுவார்?"

"போட்டோ அனுப்பியிருக்கிறார், பாருங்கோ." கப்பல் ஒன்று, ஒரு தெரு அகலத் தண்ணீருக்குள் பெட்டி பெட்டியாய்ச் சாமான் சுமந்துகொண்டு நின்றது. செல்வமலர் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் றோபேட் இல்லை. கப்பல் படம் யாரும் அனுப்பலாம்.

அதற்குப்பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தான் வேலைக்குப் போகிற இத்தாலிக் கிழவி, சின்னோரா வீட்டில் யன்னல் கண்ணாடிகளைத் துடைத்து முடித்து, திரும்ப முதல் யன்னலில் இருந்து தொடங்கினாள். "இதைக் காலையில்தானே துடைத்தாய்?" என்று கிழவி கேட்டபிறகுதான் கை நின்றது. வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பவேண்டியவள் மொண்டெல்லோ பஸ்ஸில் ஏறினாள். நவம்பர் கடைசியில் அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? கதிரைகளை அடுக்கிக் கட்டிவைத்த கடற்கரையில் ஐந்து நிமிடம் நின்று கடலைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினாள். இறங்கியும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. ஸ்தாசியோனேக்குள் போய்ப் புறப்படும் ரயில்களின் பலகையை மேலிருந்து கீழாக வாசித்தாள். ரோமாவுக்கு ஒன்று, மெஸ்ஸினாவுக்கு ஒன்று, அக்ரிஜெந்தோவுக்கு ஒன்று. எந்த ரயிலாலும் தனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்று தெரிந்தும், பலகை மாற மாறத் திரும்பவும் வாசித்தாள்.

கோபம் கோபமாக வந்தது. போகிறவனுக்கு ஒரு பை போதும். இருக்கிறவளுக்குத்தான் சட்டி, பானை, பிள்ளை, சின்னோரா, மாதா சபை. சொல்லிவிட்டாவது போயிருக்கலாம். சொன்னால் தடுப்பாள் என்று நினைத்தானாக்கும்.

சனிக்கிழமை இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. றோபேட்டின் வேலை ஒப்பந்தம், இங்கே எல்லோர் வாயிலும் கொந்த்ராத்தோ, மாத முடிவோடு முடிகிறது. திங்கட்கிழமை புதியதில் கையெழுத்து வைக்கவேண்டும். செவ்வாய் வந்து வைக்கிறேன் என்று முதலாளி டொன் சால்வோவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். வராத ஆளை நம்பி அந்த மனிதர் டிசம்பர் எட்டாம் தேதி மாதா பெருநாள் கூட்டத்தை ஒற்றை அடுப்போடு சமாளிக்கவேண்டும். பிறகு அந்தக் குசினியில் இன்னொரு தமிழன் கரண்டி பிடிப்பானா?

நம்மவர்களிடம் இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகக்கூடாது. தன் இடத்துக்கு நம்மாள் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும். செல்வமலர் சின்னோரா வீட்டுக்குள் நுழைந்ததும் அப்படித்தான், லண்டனுக்குப் போன ஒருத்தி கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டதால். புருசன் செய்யாமல் விட்டதைப் பெண்சாதி செய்வது மானம்.

சுஜீவனின் நினைவு வந்தது. கோயிலில் பின் வாங்கில் இருக்கிறவன். இரண்டு சின்னப் பிள்ளைகள். கோடை முடிந்ததோடு மொண்டெல்லோக் கடற்கரை உணவக வேலை போய்விட்டது. ஜனவரியில் அவனுடைய விசாப் பத்திரம், பெர்மேசோ, முடிகிறது. கொந்த்ராத்தோ இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. அவனைக் கூட்டிக்கொண்டு பகல் பதினொரு மணிக்கு டொன் சால்வோ முன்னால் போய் நின்றாள்.

"றோபேட் இனி வரமாட்டார். இவர் வேலை தெரிந்தவர். இவரை எடுத்துக்கொள்ளுங்கள்."

டொன் சால்வோ கண்ணாடியைக் கழற்றினார். "செவ்வாய்க்கிழமை வருவதாக என்னிடம் கைகொடுத்துச் சொன்னானே?"

"வரமாட்டார்."

"நீ அவன் மனைவி. உனக்குத் தெரியாதா?" என்றார் அவர் வருத்தத்தோடு. சுஜீவனுக்கு ஒரு ஏப்ரனை எடுத்துக் கொடுத்தார். அன்று மத்தியானமே அவன் அடுப்படியில் நின்றான். திங்கட்கிழமை கையெழுத்தும் வைத்தான். சுஜீவனின் மனைவி ஒரு பெட்டி கேக்கோடு வந்து செல்வமலரின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள்.

செவ்வாய் மத்தியானம் படியில் காலடி கேட்டது. அந்த நடையைத் தெரியாதவள் அல்ல அவள். கதவு திறந்தது. வெயிலில் கறுத்துப்போய், மேலுதட்டில் முள்முள்ளாய் மீசை முளைத்து, கையில் ஒரு கோப்பிப் பொதியோடு றோபேட் நின்றான்.

சந்தோசப்படவேண்டிய இடம் அது. அவளுக்கு வந்ததோ கோபம்.

"ஏன் போன் எடுக்கேல்லை?" என்றான் அவன். "அமலினி இல்லாட்டி நான் பயந்திருப்பன். சரி விடு, பசிக்குது."

சாப்பிட்டுக்கொண்டே கதைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் அவன் அவ்வளவு கதைத்து அவள் கேட்டதில்லை. கப்பலைத் தண்ணீர் லிஃப்ட் மாதிரித் தூக்குமாம். கால்வாயில் ஒருநாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பிற்பகலில் மழை கொட்டி, அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடுமாம்.

"அங்கை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது மலர். ஆரும் ஒரு வேலை சொல்லேல்லை. எங்கை போறாய், என்ன சமைக்கிறாய், ஒண்டும் கேக்கேல்லை. நல்லாத்தான் இருந்தது. நாலாம் நாள் அலுத்துப்போச்சு. பிளேனுக்கு மூண்டு மணித்தியாலம் முந்தியே போய்க் குந்திக்கொண்டிருந்தன்." கையைக் கழுவி எழுந்தான். "சரி, ஒருக்கால் படுத்தெழும்பிக் குசினிக்குப் போவம். டொன் சால்வோ பாத்துக்கொண்டிருப்பார்."

இனி மறைக்க முடியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செல்வமலர் சொன்னாள், யோசப்பினில் தொடங்கிச் சுஜீவனின் கையெழுத்து வரைக்கும். நடுவில் ஓரிடத்தில் றோபேட் திரும்பவும் உட்கார்ந்தான். கத்துவான் என்று பார்த்தாள். கத்தினால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"சுஜீவன்ரை பெர்மேசோ எப்ப முடியுது?"

"சனவரி."

"அப்ப பறிக்கேலாது," என்றான். பதினாறு வருட அடுப்பு அந்த இரண்டு சொல்லோடு போயிற்று. "வேறை எங்கையாவது கேட்டுப் பாப்பம். கோப்பை எண்டாலும் கழுவலாம்."

அவன் அழவில்லை. அவள்தான் அழுதாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் போனை எடுத்திருக்கவேணும். அவளின்ரை கதையைக் கேட்டு..."

"வேலை கிடக்கட்டும் மலர்." சாப்பிட்ட தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்தான். அவன் முகத்தில் அவள் இதுவரை காணாத ஒரு நோவு இருந்தது. "யோசப்பின் ஆயிரம் சொல்லுவாள். நீ எப்பிடி நம்பினனி? உன்னையும் பிள்ளையையும் விட்டுப்போட்டு நான் வராமல் இருப்பன் எண்டு உனக்கு எப்பிடி நினைக்க வந்தது?"

மீசையைச் சொல்லலாம். பையைச் சொல்லலாம். யோசப்பினின் மச்சானைச் சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனிவரை வந்தன. வந்தவற்றில் ஒன்றும் உண்மையில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் எண்டால் வந்திருக்க மாட்டன்," என்றாள்.

சொல்லிவிட்டுத் தானே பயந்துபோனாள். கீழே சந்தையில் ஒருவன் ஒலிவ்காய்க்குக் கூவிக்கொண்டிருந்தான்.

"எங்கை போயிருப்பாய்?" என்று கேட்டான் றோபேட், மெதுவாக.

அவள் யோசித்தாள். லண்டன் வேண்டாம். கனடா வேண்டாம். பேசாலையும் வேண்டாம்.

"எங்கை எண்டில்லை," என்றாள் செல்வமலர்.