உள்ளே பாலீஷ் போட்ட வளையம்

ராயப்பன்பட்டியில் மரத்துக்குப் பாலீஷ் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. இதை நானே சொல்லிக்கொள்கிறேன். வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தால் ஆயுசு போதாது. கோயில் பெஞ்சோ கல்யாணக் கட்டிலோ, எங்கள் பட்டறையை விட்டுப் போகும் எதிலும் முகம் பார்த்துத் தலை சீவலாம். அந்தப் பாலீஷ்தான் என் காலை வாரிவிட்டது.

போன வருஷம் ஃபிலிம் போடும் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். பலா மரத்தில் கைப்பிடி செதுக்கி அதன் அடியில் திருகினேன். பிறகு லென்ஸுக்கு முன்னால் மாட்ட, வெயில் மறைக்கும் வளையம் ஒன்றைக் கடைந்தேன். உள்ளேயும் வெளியேயும் ஆறு கோட் பாலீஷ். தேன் நிறத்தில் மின்னியது.

என் கொழுந்தன் வினோத்ராஜ் உத்தமபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பார்த்ததும் சிரித்தான். "என்ன மதினி, கேமராவுக்கும் கட்டில் செஞ்சு போட்டுட்டீகளா?"

சிரித்தால் சிரிக்கட்டும். எனக்கு வேண்டியது புதுநன்மைப் படம், பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் நாளில் எடுப்பது. வெள்ளை உடுப்பில் இருபத்துநாலு பிள்ளைகள் கோயில் படியில் நிற்பார்கள். அந்தப் படம் பள்ளிக்கூட ஹாலில் ஏறும். வருஷா வருஷம் வினோத்தான் எடுப்பான். இந்த முறை நான் எடுக்கிறேன் என்று கோயில் ஃபாதரிடம் கேட்டேன்.

"அதே படியில, அதே காலை நேரத்துல ஒரு ரோல் எடுத்துக் காட்டும்மா. நல்லா வந்தா ஒனக்குத்தான்" என்றார்.

எடுத்தேன். வினோத்தான் கழுவித் தந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "எல்லாத்துலயும் பால் ஊத்துன மாதிரி இருக்கு, மதினி."

காலையில் கோயிலுக்குப் பின்னாலிருந்து வெயில் கூரைக்கு மேலாகச் சரிந்து கேமராவுக்கு வரும். அதைத் தடுக்கத்தானே வளையம் கடைந்தேன்? ஃபாதரிடம் இன்னொரு ரோலுக்குச் சனிக்கிழமை வரை தவணை கெஞ்சி வாங்கினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மேசைக்கால் ஆட்டத்தைச் சரிசெய்யப் போனேன். சாராள் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல இந்தக் கரும்பலகையப் பாரு ஜெஸ்லின். தேஞ்சு பளபளங்குது. ஓரத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியல."

பலகைக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்ட் அங்கேயே இருந்தது. ஒரு கோட் அடித்ததும் பளபளப்பு செத்தது. பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன். வெயிலை மறைக்க நான் செய்த வளையத்தின் உட்பக்கமும் இப்படித்தானே பளபளக்கிறது? வெயிலை அள்ளி அதுவே லென்ஸுக்குள் ஊற்றியிருக்கிறது. பெருமை பீற்றிய பாலீஷ்!

மிச்சப் பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். நானே போட்ட பாலீஷை உப்புத்தாளால் சுரண்டினேன். உட்பக்கம் முழுக்கக் கறுப்படித்தேன். சனிக்கிழமை காட்டிய ரோலில் படிக்கல்லின் வெடிப்புகூடத் தெரிந்தது. ஃபாதர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை படியில் நின்ற பிள்ளைகளை நான்தான் எடுத்தேன்.

அடுத்த வாரம் வினோத் அதைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தான். இருபத்துநாலு முகமும், மெழுகுவத்தி பிடித்த விரல்களும் அத்தனை தெளிவு. அவன் ஸ்டுடியோவிலிருந்து எந்தப் படமும் முதுகில் சீல் இல்லாமல் வெளியே வராது. திருப்பிப் பார்த்தேன். சீல் இல்லை.

"நான் குத்தல, மதினி. ஃபாதர் யார் எடுத்ததுன்னு எழுதித் தரச் சொன்னாக. நீங்களே எழுதுங்க" என்று பேனாவை நீட்டினான்.

'படம்: ஜெஸ்லின்' என்று எழுதினேன். மனசு அடங்கவில்லை. அதற்குக் கீழே 'மரவேலையும்' என்று சேர்த்தேன்.